ஹேபர் இல்லாவிட்டால் வேறொருவர் வந்திருப்பாரா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில், தனி மனிதரால் உலக வரலாறு மாறுமா என்று கேட்டு ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். அலெக்சாண்டர், செங்கிஸ்கான், நெப்போலியன், ஹிட்லர் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்த கட்டுரையாளர் கடைசியில், இவர்கள் இல்லாவிட்டால் அந்த இடத்துக்கு வேறு யாராவது வந்திருப்பார்கள், ஆளை உருவாக்குவது காலம்தான் என்று முடித்துவிட்டார். நடுவில் ஃபிரிட்ஸ் ஹேபர் பெயர் ஒரே ஒரு வரியில் வருகிறது. யூரியாவைக் கண்டுபிடித்தவர், விஷவாயு தயாரித்தவர், அவ்வளவுதான். அந்த வரியைப் படித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போக என்னால் முடியவில்லை. நாலு நாளாக மனசில் ஓடிக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன். நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள், வெட்டிப் போட்டாலும் சரி.

முதலில் ஒரு திருத்தம். யூரியாவைக் கண்டுபிடித்தவர் ஹேபர் இல்லை. அது சிறுநீரில் இருக்கும் பொருள். அதை ஆய்வகத்தில் செய்து காட்டியவர் ஃபிரடெரிக் வோலர், 1828இல், அதாவது ஹேபர் பிறப்பதற்கு 40 ஆண்டுகள் முன்பே. ஹேபர் செய்தது வேறு. காற்றில் இருக்கும் நைட்ரஜனைப் பிடித்து ஹைட்ரஜனோடு சேர்த்து அம்மோனியா ஆக்கினார். அந்த அம்மோனியாவோடு கரியமில வாயுவைச் சேர்த்து ஆலையில் யூரியா செய்வது 1920களில் வந்தது. அம்மோனியா இல்லாமல் யூரியா இல்லை என்பதால் கட்டுரையாளர் இரண்டையும் ஒன்றாக நினைத்திருக்கலாம், ஆனால் பள்ளிப் பிள்ளைகள் படிக்கிற பக்கம் அது.

நான் மன்னார்குடி பக்கம் ஒரு கிராமத்தில் 22 வருஷமாக உரக்கடை வைத்திருக்கிறேன். பி.எஸ்சி. வேதியியல் படித்தவன். பிளஸ் டூவிலும் கல்லூரியிலும் ஹேபர் முறை என்று கேள்வி வரும், சமன்பாட்டை எழுதி, அழுத்தம் இவ்வளவு, வெப்பநிலை இவ்வளவு, வினையூக்கி இரும்பு என்று எழுதினால் மார்க் வந்துவிடும். ஹேபர் என்பது ஒரு மனுஷரின் பெயர், அவருக்கு ஒரு மனைவியும் பிள்ளையும் இருந்தார்கள் என்பதெல்லாம் கடை போட்ட பிறகுதான் தெரியும். யூரியா மூட்டை இப்போது 45 கிலோ, அதில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். மழை நாளில் மூட்டை அடுக்கிய அறையைக் காலையில் திறந்தால் மூக்கில் லேசாகக் காரமாக ஏறும் ஒரு வாசனை வரும், அது அம்மோனியா. இலைவழித் தெளிப்புக்காக வாளித் தண்ணீரில் யூரியாவைப் போட்டுக் கையால் கலக்கினால் தண்ணீர் பானைத் தண்ணீர் மாதிரி சில்லென்று ஆகிவிடும், முதல் தடவை கலக்குகிற சின்னப் பையன்கள் கையை வெடுக்கென்று எடுத்துவிடுவார்கள். தூர் கட்டுகிற சமயத்தில் மஞ்சள் பூத்து நிற்கிற வயலில் மேலுரம் போட்டுவிட்டு ஒரு வாரம் கழித்துப் போய்ப் பாருங்கள், பயிர் கருகருவென்று எழுந்து நிற்கும். இதைத் தினமும் பார்ப்பவன் என்பதால் சொல்கிறேன், ஹேபரைப் பற்றிய ஒரு வரி போதாது.

விஷயம் இதுதான். நாம் மூச்சு விடுகிற காற்றில் ஐந்தில் நாலு பங்கு நைட்ரஜன். பயிருக்கு உயிர் அதுதான், ஆனால் காற்றில் இருக்கிற நிலையில் பயிரால் அதைத் தொடக்கூட முடியாது, இரண்டு அணுக்கள் அவ்வளவு இறுக்கமாகக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கும். மின்னல் கொஞ்சம் உடைக்கும். உளுந்து, பயறு, சணப்பு, தக்கைப்பூண்டு வேர்முடிச்சில் இருக்கிற நுண்ணுயிர் கொஞ்சம் உடைக்கும். அதனால்தான் நம் பெரியவர்கள் சம்பா அறுப்புக்கு முன்னால் உளுந்து தெளித்தார்கள், கிடை போட்டார்கள், குப்பை எரு அடித்தார்கள். ஐரோப்பாவில் மக்கள்தொகை பெருகப் பெருக இதெல்லாம் போதவில்லை, அவர்கள் தென்னமெரிக்காவுக்குப் போனார்கள். முதலில் பெரு நாட்டுத் தீவுகளில் மலையாகக் குவிந்திருந்த பறவை எச்சம். அது சுரண்டித் தீர்ந்ததும் அட்டகாமா பாலைவனத்து வெடியுப்பு. அந்த உப்புக்காகவே 1879இல் சிலி ஒரு பக்கம், பெருவும் பொலிவியாவும் மறுபக்கம் என்று சண்டை போட்டார்கள், அதில் பொலிவியா தன் கடற்கரை முழுவதையும் இழந்தது. இன்றைக்கும் பொலிவியாவுக்குக் கடல் இல்லை. ஒரு உரத்துக்காக ஒரு தேசம் கடலை இழந்திருக்கிறது.

1898இல் வில்லியம் குரூக்ஸ் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி பிரிஸ்டல் நகரத்துக் கூட்டத்தில் வெளிப்படையாகவே எச்சரித்தார்: சிலி உப்பும் ஒருநாள் தீரும், அப்போது கோதுமை உண்பவர்களுக்குச் சோறு கிடையாது, வேதியியலாளர்கள்தான் காற்றிலிருந்து நைட்ரஜனை எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று. ஆக, தேவை என்னவென்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இதுவரை உங்கள் கட்டுரையாளர் சொன்னது சரி, காலம் கதவைத் தட்டிக்கொண்டுதான் இருந்தது.

ஆனால் கதவைத் திறக்கப் போனவர்கள் கதியைப் பாருங்கள். ஆஸ்ட்வால்ட் என்ற வேதியியலாளர் 1900இல் செய்துவிட்டேன் என்றார், அவருடைய கருவியில் வந்த அம்மோனியா இரும்பில் ஏற்கெனவே ஒட்டியிருந்த நைட்ரஜனிலிருந்து வந்தது என்று பி.ஏ.எஸ்.எஃப். என்ற ஜெர்மன் ரசாயனக் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருந்த கார்ல் பாஷ் என்ற இளைஞர் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார். பிரான்சில் லீ சாட்லியர் (ஆமாம், நம் பிள்ளைகள் சமநிலைப் பாடத்தில் படிக்கிற அதே லீ சாட்லியர் தத்துவக்காரர்தான்) 1901 வாக்கில் அதிக அழுத்தத்தில் முயன்றார், கருவி வெடித்தது, விட்டுவிட்டார். அதைக் கைநழுவ விட்டதற்காக வயசான காலத்தில் ரொம்ப வருத்தப்பட்டவர் அவர். பாடப்புத்தகத்தில் லீ சாட்லியர் தத்துவத்துக்கு எடுத்துக்காட்டே ஹேபர் முறைதான். தத்துவம் ஒருவருடையது, பலன் இன்னொருவருடையது.

ஹேபரும்கூட 1905 வாக்கில் கணக்குப் பார்த்துவிட்டு, கிடைக்கிற அம்மோனியா ரொம்பக் கொஞ்சம், இதில் பிரயோஜனம் இல்லை என்று கிட்டத்தட்ட மூடி வைத்துவிட்டார். அவரை மறுபடி இழுத்து வந்தது பசியும் இல்லை, குரூக்ஸ் பேச்சும் இல்லை, ஒரு அவமானம். 1907இல் ஹாம்பர்க் நகரில் நடந்த வேதியியலாளர் கூட்டத்தில் வால்தர் நெர்ன்ஸ்ட் என்ற பெரிய பேராசிரியர் எல்லோர் முன்னாலும் எழுந்து ஹேபரின் அளவுகள் தப்பு என்றார். ஹேபர் சூடு சுரணை உள்ள ஆள். பிரஸ்லாவ் நகரத்து யூத வியாபாரியின் மகன், முன்னேற வேண்டும் என்பதற்காக மதமே மாறியவர், உள்ளூர ஒரு தாழ்வுணர்ச்சி எப்போதும் இருந்தவர். உடம்பு கெடும் அளவுக்கு அதையே நினைத்துக்கொண்டு, ராபர்ட் லீ ரோசிஞோல் என்ற பிரிட்டிஷ் உதவியாளரை வைத்துக்கொண்டு திரும்பவும் அந்த வேலையில் இறங்கினார். நெர்ன்ஸ்ட் அன்றைக்குப் பேசாமல் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு.

கருவியைக் கட்டியவர் லீ ரோசிஞோல்தான், அவர் கை படாமல் அது நடந்திருக்காது, ஆனால் அவர் பெயர் யாருக்கும் தெரியாது. கார் டயரில் இருப்பதைப் போல ஏறத்தாழ நூறு மடங்கு அழுத்தம், 500 டிகிரிக்கு மேல் சூடு, அதைத் தாங்குகிற குழாயும் வால்வும் கடையில் கிடைக்காது, அவரே கடைந்து செய்தார். 1909 மார்ச்சில் இந்தத் திட்டத்தை பி.ஏ.எஸ்.எஃப்.பிடம் கொண்டுபோனபோது அங்கே ஆய்வகத் தலைவர், அதில் பத்தில் ஒரு பங்கு அழுத்தம்கூட இல்லாத பாத்திரமே நேற்று வெடித்துப் பறந்தது, இதெல்லாம் ஆகாது என்றார். அப்போது உலோகத் தொழில் தெரிந்த கார்ல் பாஷ், எஃகு தாங்கும், துணிந்து பார்க்கலாம் என்று சொன்னார். அந்த அறையில் பாஷ் இல்லாவிட்டால் கோப்பு அன்றைக்கே மூடியிருக்கும்.

அதே ஆண்டு ஜூலை தொடக்கத்தில் கார்ல்ஸ்ரூ நகரத்து ஆய்வகத்தில் கம்பெனி ஆட்கள் முன்னால் செய்து காட்டுகிறார்கள். முதலில் போல்ட் ஒன்றை முறுக்கும்போது அது உடைந்து எல்லாம் நின்றுபோனது, பாஷ் கிளம்பிப் போய்விட்டார். காத்திருந்தது மிட்டாஷ் என்பவரும் இன்னொருவரும்தான். ஜூலை 2ஆம் தேதி அவர்கள் கண் முன்னால் அம்மோனியா சொட்டுச் சொட்டாக விழுந்தது, மணிக்கு சுமார் 125 மில்லி. நம் கணக்கில் ஒரு டம்ளர்கூட நிறையாது. அந்த அரை டம்ளர்தான் இன்றைக்கு உலகம் முழுக்க வருஷத்துக்கு 18 கோடி டன் என்று ஓடுகிறது.

அப்புறம் பாஷ் பட்ட பாடு தனிக் கதை. ஹேபர் வினையூக்கியாகப் பயன்படுத்திய ஆஸ்மியம் என்ற உலோகம் உலகம் முழுவதும் தேடினாலும் ரொம்பக் கொஞ்சம்தான் கிடைக்கும், அதை வைத்து ஆலை நடத்த முடியாது. மிட்டாஷ் ஆயிரக்கணக்கான சோதனைகள் செய்து கடைசியில் ஸ்வீடன் நாட்டு இரும்புத் தாது ஒன்றில் போய் நின்றார். சூடான ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்க வைத்தது, பெரிய குழாய்கள் வெடித்தன. உள்ளே மென்மையான இரும்புக் குழாய், வெளியே துளை போட்ட கெட்டி எஃகு உறை, கசிகிற ஹைட்ரஜன் துளை வழியாக வெளியே போய்விடும் என்று பாஷ் வழி கண்டார். 1913 செப்டம்பரில் ஓப்பாவ் என்ற இடத்தில் முதல் ஆலை ஓட ஆரம்பித்தது. அதில் வந்தது அம்மோனியம் சல்ஃபேட் உரம்.

இந்த 1913 என்ற ஆண்டைக் கொஞ்சம் மனசில் வையுங்கள், என் முழு வாதமும் இதில்தான் இருக்கிறது. ஹேபர் செய்யாவிட்டால் வேறு யாராவது செய்திருப்பார்களா? நிச்சயமாகச் செய்திருப்பார்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் எப்போது? ஆள் மாறியிருந்தால் ஆண்டு மாறியிருக்கும். 1913 என்பது 1920 ஆகியிருக்கும், 1925 ஆகியிருக்கும். அடுத்த வருஷம் 1914இல் முதல் உலகப்போர் வெடித்தது. ஆண்டு மாறினால் இங்கே எல்லாமே மாறுகிறது.

ஏனென்றால் தழைச்சத்தும் வெடிமருந்தும் ஒரே பொருளிலிருந்து வருபவை. வெடிமருந்துக்கு நைட்ரிக் அமிலம் வேண்டும், அது சிலி உப்பிலிருந்து வந்துகொண்டிருந்தது. போர் தொடங்கியதும் பிரிட்டிஷ் கடற்படை ஜெர்மனியின் கடல்வழியை அடைத்தது. 1914 நவம்பரில் சிலிக் கரையோரம் கொரோனல் என்ற இடத்தில் ஜெர்மன் கப்பல்கள் பிரிட்டிஷ் கப்பல்களைத் தோற்கடித்தன, டிசம்பரில் ஃபாக்லாந்து தீவுகளுக்கு அருகில் பிரிட்டன் அவற்றை மூழ்கடித்தது, அத்தோடு சிலி உப்பு ஜெர்மனிக்கு இல்லை என்று ஆகிவிட்டது. கையிருப்பு சில மாதங்களுக்குத்தான் தாங்கும். சீக்கிரம் முடிந்துவிடும் என்று நினைத்துப் போருக்குப் போன தளபதிகள் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. அம்மோனியாவை நைட்ரிக் அமிலமாக மாற்றித் தருகிறோம் என்று பாஷ் அரசாங்கத்துக்கு வாக்குக் கொடுத்தார். 1915 மே மாதம் ஓப்பாவ் ஆலை அதைக் கொடுக்க ஆரம்பித்தது, 1917இல் லொய்னாவில் இன்னும் பெரிய ஆலை வந்தது. கால்சியம் சயனமைடு என்ற வேறு வழியும் ஜெர்மனியில் இருந்தது உண்மைதான், ஆனால் அது மின்சாரத்தைக் குடிக்கிற வழி, அதை மட்டும் நம்பி நாலு வருஷம் போர் நடத்தியிருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஜெர்மனி 1915லோ 16லோ கையைத் தூக்கியிருந்தால் ரஷ்யப் புரட்சி அந்த விதத்தில் நடந்திருக்குமா? வெர்சாய் ஒப்பந்தம் வந்திருக்குமா? ஹிட்லர் என்ற பெயரை நாம் கேள்விப்பட்டிருப்போமா? உங்கள் கட்டுரையாளர் ஹிட்லருக்கு இரண்டு பத்தி கொடுத்தார், ஹேபருக்கு ஒரு வரி கொடுத்தார்.

இங்கே எங்கள் பக்கத்து இயற்கை விவசாய நண்பர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். போருக்கு வெடிமருந்து செய்த ஆலைகள் போர் முடிந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் நம் தலையில் உரத்தைக் கட்டின என்று மேடைகளில் சொல்கிறார்கள். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு அமெரிக்காவில் அப்படி நடந்தது உண்மை. ஆனால் தொடக்கம் அப்படி இல்லை. முதலில் உரம், பிறகுதான் அதே ஆலையிலிருந்து வெடிமருந்து. எரிச்சலில் சொல்லவில்லை, அவர்கள் சொல்வதில் பலது எனக்கும் உடன்பாடுதான். ஆனால் வரிசை மாறினால் ஹேபர் என்ற மனிதரே புரியாமல் போய்விடுவார்.

சரி, விஷவாயுவுக்கு வருகிறேன். அம்மோனியாவிலாவது வேறொருவர் பத்து வருஷம் கழித்து வந்திருப்பார் என்று சொல்லலாம். வாயுவில் அப்படிச் சொல்லவே முடியாது. அதைக் கொண்டுவா என்று காலமும் கேட்கவில்லை, தளபதிகளில் பெரும்பாலோரும் கேட்கவில்லை. விஷ ஆயுதம் கூடாது என்று ஹேக் ஒப்பந்தத்தில் நாடுகள் கையெழுத்துப் போட்டிருந்தன. ஹேபர் அப்போது பெர்லின் டாலெம் பகுதியில் இருந்த பெரிய ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநர், நாற்பத்தாறு வயது. அவராகவே போய், குளோரின் வாயுவை சிலிண்டரில் அடைத்துக் காற்று வீசும்போது எதிரிப் பதுங்குகுழிகள் பக்கம் திறந்துவிடலாம் என்று யோசனை சொன்னார், அதற்கு ஆள் சேர்த்தார், பயிற்சி கொடுத்தார். பல தளபதிகள் தங்கள் பகுதியில் வேண்டாம் என்று மறுத்தார்கள். ஒத்துக்கொண்டது பெல்ஜியத்தில் ஈப்ர் நகரப் பகுதியின் தளபதி. அதனால் அங்கே. அங்கே இதைச் செய்யப் பணிக்கப்பட்ட படைத்தலைவர் ஒருவரே, இது எலிக்கு விஷம் வைப்பது மாதிரி அருவருப்பாக இருந்தது என்று பின்னாளில் எழுதினார்.

கிட்டத்தட்ட 6,000 சிலிண்டர்களை மண்ணில் புதைத்துவிட்டுக் காற்றுக்காக நாள் கணக்காகக் காத்திருந்தார்கள். 1915 ஏப்ரல் 22 சாயங்காலம் ஐந்து மணிக்குக் காற்று சரியாக வீசியது, திறந்தார்கள். 150 டன் குளோரின். மஞ்சளும் பச்சையும் கலந்த புகை மூட்டம் தரையை ஒட்டியே நகர்ந்து போயிற்று, குளோரின் காற்றைவிடக் கனமானது, பள்ளத்தைத் தேடித்தான் போகும், ஆட்கள் பள்ளத்தில்தான் பதுங்கியிருந்தார்கள். அந்தப் பக்கம் இருந்தது பிரெஞ்சுப் படை, அதில் பெரும்பகுதி அல்ஜீரியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட வீரர்கள். நாலு நாள் கழித்து, ஏப்ரல் 26ஆம் தேதி, அதே ஈப்ரில் நம் இந்தியப் படையும் வாயுவுக்குள் போய் நின்றது. ஜமேதார் மீர் தஸ்த் என்பவர் அன்றைக்குக் காயத்தோடு தன் அதிகாரிகள் எட்டுப் பேரைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்த்தார், விக்டோரியா கிராஸ் விருது கொடுத்தார்கள். மூச்சில் போன வாயு அவரை அதன் பிறகு விடவே இல்லை. யாருடைய சண்டை, யாருடைய யோசனை, யாருடைய நுரையீரல்.

அந்த வெற்றிக்காக ஹேபருக்குக் கேப்டன் பதவி கொடுத்தார்கள். யூதப் பிறப்பு என்பதால் வாலிபத்தில் கிடைக்காமல் போன அதிகாரி உடுப்பு. பெர்லின் வந்தார். மே 2ஆம் தேதி விடியற்காலையில் அவருடைய மனைவி கிளாரா, அவருடைய ராணுவத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்ச் சுட்டுக்கொண்டார். ஓடிப்போய்ப் பார்த்தது பன்னிரண்டு வயது மகன் ஹெர்மன்.

கிளாராவைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. பிரஸ்லாவ் பல்கலைக்கழகத்தில் முதன்முதலாக வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கிய பெண் அவர், 1900இல். அடுத்த வருஷம் கல்யாணம். அதன் பிறகு ஆய்வகம் இல்லை, சமையல்கட்டு, விருந்தாளிகள், உடம்பு சரியில்லாத குழந்தை. 1905இல் ஹேபர் எழுதிய புத்தகத்தை அவருக்குக் காணிக்கையாக்கி, அமைதியாக ஒத்துழைத்ததற்கு நன்றி என்று போட்டிருந்தார். எத்தனை வீட்டுப் பெண்களுக்கு இந்த அமைதியான ஒத்துழைப்பு என்ற வார்த்தை பொருந்தும் என்று படிக்கும்போது நெஞ்சு அடைத்தது. வாயு ஆயுதத்தை எதிர்த்துத்தான் அவர் செத்தார் என்று நேராகச் சொல்ல அவர் கையெழுத்தில் ஒரு கடிதம்கூட நமக்குக் கிடைக்கவில்லை, வீட்டில் வேறு துயரங்களும் இருந்தன. அதனால் நான் காரணம் சொல்லப் போவதில்லை. ஆனால் அடுத்த நாளே ஹேபர் அந்தப் பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு ரஷ்யப் போர்முனைக்கு அடுத்த வாயுத் தாக்குதல் ஏற்பாட்டுக்குப் போனார் என்பது நடந்தது.

மற்ற நாடுகளும் சில மாதங்களிலேயே அதே வழியில் இறங்கின. போர் முடிவதற்குள் விஷவாயுவால் செத்தவர்கள் சுமார் 90 ஆயிரம் பேர் என்று கணக்கு. போர் முடிந்த கையோடு 1918ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு ஹேபருக்கு, அம்மோனியாவுக்காக. ஜெர்மனி கட்ட வேண்டிய நஷ்டஈட்டுக்காகக் கடல்நீரிலிருந்து தங்கம் எடுக்கிறேன் என்று கப்பலில் ஏறிச் சில வருஷம் அலைந்தார், ஒன்றும் கிடைக்கவில்லை. தேசம் தேசம் என்று உயிரை விட்ட மனிதரை 1933இல் அந்தத் தேசமே, உன் நிலையத்தில் இருக்கும் யூதர்களை வெளியே அனுப்பு என்றது. ராஜினாமா கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு இங்கிலாந்து போனார், அங்கே அணு விஞ்ஞானி ரூதர்ஃபோர்ட் அவரோடு கைகுலுக்க மறுத்தார் என்று சொல்வார்கள். 1934 ஜனவரி 29ஆம் தேதி சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் மாரடைப்பில் இறந்தார். அவருடைய நிலையத்தில் பூச்சி, பேன் ஒழிக்க ஆராய்ந்த சயனைடு மருந்தின் வழிவந்ததுதான் சைக்ளான் பி. அதை வைத்துத்தான் ஆஷ்விட்ஸ் முகாமில் யூதர்களைக் கொன்றார்கள். முகாம்களில் செத்தவர்களில் ஹேபரின் சொந்தக்காரர்களும் உண்டு. இதை முதன்முதலில் படித்த அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

இதற்கு நடுவில், சத்தமே இல்லாமல், அந்த அரை டம்ளர் அம்மோனியா உலகத்தின் இலையில் சோறு போட்டுக்கொண்டே இருந்தது. 1900இல் உலக மக்கள்தொகை சுமார் 160 கோடி, இப்போது 800 கோடியைத் தாண்டிவிட்டது. இதில் ஏறத்தாழ பாதிப் பேருக்கான உணவு ஹேபர் முறை இல்லாமல் விளைந்திருக்காது என்பது இதை ஆராய்ந்தவர்கள் போட்ட கணக்கு. சிலியின் வெடியுப்பு ஊர்கள் காலியாகின, ஹம்பர்ஸ்டோன் என்ற ஊர் இன்று ஆளில்லாத தகரக் கொட்டகைகளாக யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. சீனா, அமெரிக்க அதிபர் நிக்சன் வந்துபோன கையோடு 1970களின் தொடக்கத்தில் முதலில் வாங்கிய பெரிய பொருள்களில் ஒன்று 13 அம்மோனியா-யூரியா ஆலைகள். நம் தஞ்சாவூர் ஜில்லாவில் 1960களில் ஏ.டி.டி. 27 என்ற நெல் ரகம் வந்தபோது, பழைய ரகங்கள் கொஞ்சம் தழைச்சத்து கூடினாலே சாய்ந்துவிடும், இது நின்று வாங்கும் என்பதால்தான் மகசூல் ஏறியது. வாங்குவதற்கு மூட்டையில் உரம் இருந்தது. பசுமைப் புரட்சிக்கு நாம் போர்லாக் பெயரையும் சுவாமிநாதன் பெயரையும் சொல்கிறோம், சொல்ல வேண்டியதுதான். அந்தக் குட்டை ரகங்கள் தின்றது ஹேபரின் சோறு.

அதே உரத்தை அளவு தெரியாமல் கொட்டினால் என்ன ஆகும் என்பதையும் நான் கண்ணால் பார்க்கிறவன். கருகருவென்று இருந்தால் சந்தோஷம் என்று ஏக்கருக்கு ஒரு மூட்டை கூடுதலாகப் போடுவார்கள், புகையான் பூச்சி வந்து வட்டம் வட்டமாகக் காயும், அப்புறம் மருந்துக்கு ஓடி வருவார்கள். வேண்டாம் அண்ணே, இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள் என்று நானே சொல்லி மூட்டையைத் திருப்பி உள்ளே வைத்திருக்கிறேன். மீதி வாய்க்காலில் ஓடும், கொஞ்சம் காற்றில் போகும், பூமியைச் சூடாக்கும் வாயுவாகவும் மாறும். இதுவும் அந்த ஜூலை 2ஆம் தேதியிலிருந்து வருவதுதான்.

ஆகையால் ஆசிரியர் அவர்களே, காலம்தான் ஆளை உருவாக்குகிறது என்று எழுதுவதில் எனக்கு ஒரு பயம் இருக்கிறது. அப்படி எழுதினால் யாரும் எதற்கும் பொறுப்பில்லை என்று ஆகிவிடுகிறது. 1907இல் அவமானத்தோடு வீடு திரும்பியவர் ஹேபர். 1909இல் துணிந்து பார்க்கலாம் என்று சொன்னவர் பாஷ். 1915இல் தானாகவே முன்வந்து குளோரினைக் கொண்டுபோனவரும் ஹேபர், அவர் போகாமல் டாலெமில் உட்கார்ந்திருக்கலாம், போனார். எங்கள் கடைக்கு வருகிற பிளஸ் டூ பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் வாயைத் திறந்து கேட்கிறார்கள். சமன்பாட்டில் இருக்கிறவர் மனுஷர் என்று தெரிந்ததும் அவர்கள் கேட்கிற முதல் கேள்வி, அவர் நல்லவரா கெட்டவரா என்பது. அதற்கு என்னிடம் பதில் இல்லை, நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். யூரியா பற்றிய திருத்தத்தை வெளியிடும்போது ஹேபரைப் பற்றி அரைப்பக்கமாவது எழுதச் சொல்லுங்கள். படம் போட்டால் ஹேபர் படம் மட்டும் போடாதீர்கள், கருவியைக் கட்டிய லீ ரோசிஞோல், ஆலையைக் கட்டிய பாஷ், இவர்கள் படமும் வரட்டும். பாசல் நகரத்துக் கல்லறையில் ஹேபரோடு அவர் மனைவியின் சாம்பலையும் கொண்டுவந்து அடக்கம் செய்திருக்கிறார்கள், அவர் படமும் வேண்டும். படத்துக்குக் கீழே 'ஹேபரின் மனைவி' என்று போட்டுவிட வேண்டாம். முனைவர் கிளாரா இம்மர்வார், வேதியியலாளர் என்று போடுங்கள்.

நன்றி.

இப்படிக்கு,
உரக்கடைக்காரர் ஒருவர்,
மன்னார்குடி வட்டம்